எஸ்எல்3-இலிருந்து எஸ்எல்4: தம்பி மட்டையைத் தொடாத மூன்று வாரங்கள்

அன்புள்ள அம்மா,

விளையாட்டு வகைப்பாடு எஸ்எல்3-இலிருந்து எஸ்எல்4-க்கு மாறியதைச் சாக்காக வைத்துத் தம்பி பயிற்சிக்குப் போகாமல் இருக்கிறான் என்று எழுதியிருந்தீர்கள். அது சாக்கு இல்லை. மாற்றுத்திறனாளிகள் ஆடும் பாரா பேட்மிண்டனில், கால் பாதிப்போடு நின்று ஆடுபவர்களில் பாதிப்பு கூடியவர்களுக்கு எஸ்எல்3, குறைந்தவர்களுக்கு எஸ்எல்4. எஸ்எல்3 ஒற்றையர் ஆட்டம் பாதி ஆடுகளத்தில் நடக்கும்; எஸ்எல்4-க்கு முழு ஆடுகளம். ஒரே நாளில் அவன் ஓட வேண்டிய இடம் இரண்டு மடங்காகிவிட்டது, எதிராளிகளின் கால்பலமும் கூடிவிட்டது. போதாக்குறைக்கு, காலம் முழுக்க அனுபவித்த வலியை யாரோ குறைத்து எடைபோட்டதுபோல் அவனுக்குத் தோன்றியிருக்கும்.

ஆகவே "நீ எப்படியும் ஜெயிச்சிடுவே" என்று தேற்றாதீர்கள். "கஷ்டமாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டு அவனைப் பேச விடுங்கள். தோற்றுத் திரும்பும் வழியில் ஆட்டத்தைப் பற்றிக் கேட்காதீர்கள்; சாப்பிட்டுத் தூங்கி எழட்டும். இந்த சீசனில் வெற்றி தோல்வியை எண்ண வேண்டாம். பின்கோட்டுக்குப் போய் நடுவுக்குத் திரும்ப எத்தனை நொடி ஆகிறது என்று பயிற்சியாளர் வாரம் ஒருமுறை குறித்து வைத்தால் போதும். முன்னேற்றம் அதில்தான் முதலில் தெரியும்.

காலைத் தாங்கும் காலிப்பர் கருவி உரசும் இடங்களைத் தினமும் இரவில் பாருங்கள். பயிற்சியை நிறுத்திவிடுவார்களோ என்று புண்ணை மறைக்கும் பிள்ளைகள் உண்டு. அந்த வலிதான் வெளியே எரிச்சலாகவும் மௌனமாகவும் தெரியும்.

கூட்டிப் போவது, சமைப்பது, தேற்றுவது, திட்டுவது எல்லாம் நீங்களே என்றால், உங்களிடம் கோபம் வரும் நாளில் அவனுக்குப் போக வேறு இடமில்லை. வாரத்தில் இரண்டு நாள் மாமாவோ சித்தப்பாவோ அழைத்துப் போகட்டும். எஸ்எல்4-இல் ஆடும் மூத்த வீரர் ஒருவரிடம் பேச வையுங்கள். பேட்மிண்டனே தெரியாத பள்ளி நண்பனும் கட்டாயம் வேண்டும்.

தூக்கமும் பசியும் கெட்டு இரண்டு வாரம் தாண்டினால் மனநல மருத்துவரிடம் காட்டுங்கள். அரசின் மனநல உதவித் தொலைபேசியான டெலி மானஸ் எண் 14416, இலவசம், நாள் முழுதும் உண்டு. சாவைப் பற்றிப் பேசினால் அன்றே போங்கள், தனியே விடாதீர்கள்.

இனி படிப்பு. விளையாட்டு வகைப்பாடு வேறு, மாற்றுத்திறன் சான்றிதழ் வேறு. சான்றிதழில் 40 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால், 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் கல்லூரிகளில் 5 சதவீத இடமும் அரசுப் பணியில் 4 சதவீத இடமும் உண்டு. எஸ்எல்4 ஆனதால் அது போகாது. டோக்கியோ, பாரிஸ் பாராலிம்பிக் போட்டிகளில் எஸ்எல்4-இல் வெள்ளி வென்ற சுஹாஸ் யதிராஜ் ஐஏஎஸ் அதிகாரி. பாரிஸில் எஸ்எல்3 தங்கம் வென்ற நிதேஷ் குமார் மண்டி ஐஐடியில் படித்தவர். கல்லூரி விண்ணப்பத்தைத் தம்பியே நிரப்பட்டும், மட்டையைத் தொடாத இந்த வாரத்திலேயே.