உங்கள் குடும்பத்தில் ராணுவத்தில் இருந்தவர் யாராவது உண்டா? வீட்டில் அவர் எப்படிப்பட்ட மனிதர்?

என் அம்மாவின் அப்பா இருந்தார். நீடாமங்கலத்துக்கும் மன்னார்குடிக்கும் நடுவில் சின்ன ஊர் எங்களுடையது. அங்கே அவர் பெயரைச் சொன்னால் பாதிப் பேருக்குத் தெரியாது. 'பட்டாளத்தார் வீடு' என்று கேட்டால் சின்னப் பிள்ளைகூட வழி காட்டும். 1963இல் சேர்ந்து 1985இல் ஹவில்தாராக ஊர் திரும்பினார். 2022 தை மாதம், சம்பா அறுவடை நடந்துகொண்டிருந்தபோது, 78 வயதில் காலமானார்.

1962 சீனப் போருக்குப் பிறகு ராணுவத்துக்கு நிறைய ஆள் எடுத்தார்கள். ஆறு மா நிலம், நாலு ஆண்பிள்ளைகள் என்றிருந்த வீட்டில் மூன்றாவது பிள்ளை இவர். பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் இருக்கும் மெட்ராஸ் சாப்பர்ஸில் சேர்ந்தார். 1780இல் தொடங்கிய பொறியாளர் படை அது. பாலம் போடுவது, பாதை வெட்டுவது, கண்ணிவெடி எடுப்பது எல்லாம் அவர்கள் வேலை. அந்தப் படைக்காரர்களை 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வடநாட்டு அதிகாரிகளும் அப்படியே கூப்பிட்டதை வயதான பிறகும் பெருமையாகச் சொல்வார்.

அம்மாச்சி ஒரு கணக்கு வைத்திருக்கிறார். வருஷத்துக்கு ரெண்டு மாச லீவு, நடுவில் எப்போதாவது சில நாள். பெங்களூரு குவார்ட்டர்ஸில் சேர்ந்து இருந்த ஒன்றரை வருஷத்தை விட்டுவிட்டால், 22 வருஷத்தில் தாத்தாவோடு இருந்தது நாலு வருஷம் தேறாது. மூன்று பிள்ளைகள் பிறந்தபோதும் அவர் ஊரில் இல்லை. என் அம்மாவை அவர் முதல்முதலில் தூக்கியபோது அம்மாவுக்கு ஒன்பது மாதம்.

மீதி நாளெல்லாம் மணியார்டர்தான். மணியார்டர் பாரத்தின் அடியில் சேதி எழுத ஒரு துண்டு இடம் இருக்குமே, அதைத் தபால்காரர் கிழித்துக் கொடுப்பார். அந்தத் துண்டுகளை அம்மாச்சி ஒன்று விடாமல் சேர்த்து, தாத்தாவின் கறுப்புத் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறார். நான் எடுத்துப் படித்திருக்கிறேன். "நாற்று விட்டாச்சா. பெரியவளுக்கு இருமல் நின்றதா." "ஆற்றில் தண்ணீர் வந்ததா. சின்னவனைத் தனியாக வாய்க்காலுக்கு விடாதே." நாலைந்து வரிதான். ஒன்றில்கூட தன்னைப் பற்றி எழுதவில்லை. பதில் போட வேண்டிய விலாசம் 'கேர் ஆஃப் 56 ஏ.பி.ஓ.' ஏ.பி.ஓ. என்றால் ராணுவத் தபால் நிலையம். ராணுவத் தபாலுக்கு எந்த ஊர் என்று எழுதக் கூடாது. அம்மாச்சி ரொம்ப நாள் வரைக்கும் ஏ.பி.ஓ.வை வடக்கே ஏதோ ஓர் ஊர் என்றே நினைத்திருந்தார்.

சின்ன வயதில் எங்களை அவர் வயலுக்குக் கூட்டிப் போவது தனி அழகு. வரப்பில் அவர் முன்னால், பிள்ளைகள் வரிசையாகப் பின்னால். கையில் ஒரு மூங்கில் குச்சி. "என் காலு பட்ட எடத்துலயே காலை வைக்கணும், தெரியுதா?" என்பார். நண்டு வளை இருக்கும், பாம்பு இருக்கும், அதற்காகச் சொல்கிறார் என்று நினைத்தோம். சிமெண்ட் ரோட்டிலும் அவர் அப்படியே நடந்தார். பிள்ளைகளை முன்னால் போக விடமாட்டார்.

போரைப் பற்றி என்னிடம் பேசியது ஒரே ஒரு தடவை. நான் கல்லூரியில் சேர்ந்த வருஷம், களத்து மேட்டில் உட்கார்ந்திருந்தபோது தானாகவே ஆரம்பித்தார். 1971 டிசம்பர், பாகிஸ்தானோடு நடந்த போர், மேற்கு முனையில் சகர்கர் பகுதி. "பசந்தர்னு ஒரு ஆறு. நம்ம கோரையாறு மாதிரிதான்" என்றார். ஆற்றை ஒட்டிக் கண்ணிவெடி புதைத்திருந்தார்கள். டாங்கிகள் போக ராத்திரியிலேயே வழி எடுத்தாக வேண்டும். கம்பியைச் சாய்வாக மண்ணில் குத்திக் குத்தித் தேடி, சுத்தமான பாதைக்கு இரண்டு பக்கமும் வெள்ளை நாடா கட்டுவார்கள். பின்னால் வருகிறவன் முன்னால் போனவன் கால் வைத்த இடத்தில்தான் கால் வைக்க வேண்டும். 21 வயது டாங்கிப் படை அதிகாரி அருண் கேத்தர்பால் டிசம்பர் 16 அன்று டாங்கியிலேயே உயிரைக் கொடுத்து பரம்வீர் சக்ரா பெற்றது அந்தப் பசந்தர் சண்டையில்தான். "எனக்கு ஆறேழு வயசு சின்னவன்" என்றார் தாத்தா. அப்புறம் வைக்கோலை உதறிவிட்டு எழுந்து போய்விட்டார். வரப்பில் ஏன் அப்படி நடந்தார் என்று எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

ஊருக்கும் அந்தப் படிப்பு உதவியது. ஓர் ஐப்பசி மழையில் ராத்திரி ஆற்றங்கரை உடைப்பெடுத்தது. ஊரே மண்மூட்டையை உடைப்பின் வாயிலேயே போட, தண்ணீர் எல்லாவற்றையும் இழுத்துக்கொண்டு போனது. தாத்தா வந்து நிறுத்தச் சொன்னார். முதலில் தென்னந்துண்டுகளை முட்டாக அடிக்க வைத்தார். பிறகு உடைப்பைச் சுற்றிப் பிறை மாதிரி வளைத்துக் கட்ட வைத்தார். "மூட்டையை ரொப்பாதீங்கப்பா, முக்கால் போதும். ரொம்பின மூட்டை உருளும், ஒண்ணோட ஒண்ணு ஒட்டாது" என்று விடியும்வரை சொல்லிக்கொண்டே இருந்தார். காலை எட்டு மணிக்குத் தண்ணீர் நின்றது. இன்றைக்கும் எங்கள் ஊரில் மூட்டை கட்டும்போது யாராவது ஒருத்தர் 'முக்கால்' என்பார்.

கடைசியாக ஒன்றைச் சொல்ல வேண்டும், வீட்டில் பென்ஷன்காரர் இருக்கிறவர்களுக்கு இது உதவும். தாத்தாவின் பழைய பதிவில் அம்மாச்சியின் பெயர் வேறு மாதிரி எழுதப்பட்டிருந்தது. ஆதாரில் இருக்கும் பெயரோடு ஒத்துப்போகவில்லை. அவர் இருக்கும்வரை இதனால் ஒன்றுமில்லை. அவருக்குப் பிறகு குடும்ப ஓய்வூதியம் கேட்டு அம்மாச்சி போய் நிற்கும்போதுதான் சிக்கல் வரும். இதைத் தெரிந்துகொண்டபோது தாத்தாவுக்கு 73 வயது. முழங்கால் தேய்ந்த மனிதர், பஸ் ஏறி, மனு எழுதி, பிரமாணப் பத்திரம் போட்டு, திரும்பி வந்த தாளை மறுபடியும் அனுப்பி, 14 மாதம் அலைந்து அதைத் திருத்தி வாங்கினார். நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றோம். "எனக்காக 22 வருஷம் காத்திருந்தவ. இனிமே ஒரு கவுண்டர்லயும் அவ காத்திருக்கக் கூடாது" என்றார். உங்கள் வீட்டுப் பெரியவர்களின் ஓய்வூதிய ஆணையையும் டிஸ்சார்ஜ் புத்தகத்தையும் இப்போதே எடுத்து, மனைவி பெயரும் பிறந்த தேதியும் ஆதாரோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள், தயவுசெய்து.

காரியமெல்லாம் முடிந்த பிறகு பெட்டியைத் திறந்தோம். காகிதங்களை வரிசையாக ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு வைத்திருந்தார். எதை முதலில் கொடுக்க வேண்டும், எதற்கு நகல் போதும் என்று ஒரு துண்டுத் தாளில் எழுதியிருந்தார். கடைசி இரண்டு வரியை அம்மாச்சி என்னை மறுபடியும் படிக்கச் சொன்னார். "பயப்படாதே, எல்லாம் சரியாக இருக்கிறது. வரிசை பெரிதாக இருந்தால் உட்கார நாற்காலி கேள், உனக்கு முழங்கால் வலி."

அந்தத் துண்டை வாங்கி மணியார்டர் துண்டுகளோடு வைத்துவிட்டார்.