பேஸ் கிட்டாரும் மூன்று குழுக்களும் – கடிதம்

அன்புள்ள அண்ணா,

வணக்கம். சேலம் சூரமங்கலத்திலிருந்து எழுதுகிறேன். வயது 27. பகலில் மொபைல் கடையில் வேலை, மாலையிலும் ஞாயிற்றுக்கிழமையிலும் பேஸ் கிட்டார். மூன்று இடங்களில் வாசிக்கிறேன். ரிசப்ஷனுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் போகிற ஒரு மெல்லிசைக் குழு, எங்கள் சர்ச் பாடகர் குழு, அப்புறம் நண்பர்கள் நாலு பேர் சேர்ந்து சொந்தப் பாட்டு போடும் ஒரு பேண்ட். மெல்லிசைக் குழுத் தலைவர் போன வாரம், "நீ யார் பக்கம் என்றே தெரியவில்லை. மற்ற இடங்களை விட்டுவிட்டு வா" என்று சொல்லிவிட்டார். இதற்கு நடுவில் டிசம்பர் 31 ராத்திரி சர்ச் ஆராதனைக்கு வருகிறேன் என்று அக்டோபரிலேயே சொல்லியிருந்தேன். இப்போது எங்கள் பேண்டுக்கு ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றில் அதே ராத்திரி புரோகிராம் வந்திருக்கிறது. நல்ல பணம். அதற்கும் சரி என்று சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. பழைய பேஸ் கிட்டார்களை வாங்கிச் சரிசெய்து விற்பதும் உண்டு. வீட்டில் நாலு இருக்கிறது. தை மாதம் எனக்குக் கல்யாணம். இரண்டை விற்க வேண்டும். அதில் ஜாஸ் பேஸ் என்கிற மாடல் மாதிரி ஒன்றின் நெக், விரல் வைக்கிற கழுத்து, முன்பக்கம் வளைந்திருக்கிறது. நெக்கை நிமிர்த்த அதற்குள் இருக்கும் ட்ரஸ் ராடை முழுக்க முறுக்கியாயிற்று, அதற்கு மேல் திரும்பவில்லை. மெல்லிய கம்பி போட்டு, கம்பியைத் தாங்கும் பிரிட்ஜை இறக்கிவிட்டால் யாருக்கும் தெரியாது என்கிறான் நண்பன். கேட்டிருப்பது அம்மாப்பேட்டைப் பையன், பிளஸ் டூ முடித்தவன். அப்பா தறி ஓட்டுகிறார். என்ன செய்வது என்று சொல்லுங்கள். பெயர் போட வேண்டாம்.

*

அன்புள்ள தம்பிக்கு,

கடிதத்தை இரண்டு முறை படித்தேன். கிட்டார் விஷயத்தை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அதில் ஒரு பையன் காத்திருக்கிறான்.

உங்கள் நண்பர் சொன்ன வழி பலிக்கும். அதனால்தான் அது தப்பு. நான்கு கம்பிகளும் சேர்ந்து நெக்கை இழுக்கிற இழுப்பு சாதாரணமாக 75, 80 கிலோ இருக்கும். மெல்லிய கம்பி போட்டால் இழுப்பு குறையும், நெக் கொஞ்சம் நிமிரும். பிரிட்ஜையும் இறக்கினால் கை வைத்ததும் சுகமாக இருக்கும். அந்தப் பையனும் வாங்கிக்கொண்டு போய்விடுவான். ஆறு மாதம் கழித்து யாராவது அவனிடம் "இந்தக் கம்பியில் கனம் இல்லை, தடித்தது போடு" என்பார்கள். போடுவான். நெக் வளைந்து கம்பி மேலே எழும்பும். அப்போது ராடை முறுக்குகிற ஆலன் கீயை எடுத்துத் திருப்பிப் பார்ப்பான். திரும்பாது. அன்றைக்கு அவன் தன் விரலைத்தான் சந்தேகப்படுவான். 'எனக்கு வாசிக்க வரவில்லை' என்று நினைத்துக் கிட்டாரை உறையில் போட்டு மூலையில் சாய்த்துவிடுவான். அப்படி மூலையில் நிற்கிற கிட்டார்களை நம் ஊரில் எத்தனையோ வீடுகளில் பார்த்திருக்கிறேன். பாதிக்கு மேல் கிட்டாரின் குறைதான், பிள்ளைகளின் குறை இல்லை.

லியோ ஃபெண்டர் 1951-ல் கொண்டுவந்த பேஸ் கிட்டாருக்குப் பிரிசிஷன், அதாவது துல்லியம், என்று பெயர் வைத்தார். அதற்கு முன்னால் மேடையில் ஆள் உயர டபுள் பேஸ் நிற்கும். அதில் ஃப்ரெட், அதாவது நெக்கின் குறுக்கே பதித்த உலோகப் பட்டை, கிடையாது. விரல் கொஞ்சம் தள்ளினாலும் சுருதி விலகிவிடும். ஃப்ரெட் வந்தபிறகு சுரம் அதன் இடத்தில் நின்றது. உங்களிடம் இருக்கும் ஜாஸ் பேஸ் மாடல் 1960-ல் வந்தது. அதற்கும் உயிர் அந்தத் துல்லியத்தில்தான். நெக் வளைந்து கம்பி உயரத்தில் இருந்தால், அழுத்துகிற அழுத்தத்திலேயே கம்பி இழுபட்டுச் சுருதி ஏறிவிடும். கிட்டாரில் எந்தக் குறையும் இருக்கலாம், இது மட்டும் புதிதாகப் படிக்கிற பையன் கைக்குப் போகக்கூடாது.

விற்பதற்கு முன் ஒரு வேலை செய்து பாருங்கள். சில சமயம் ராடு நல்லபடியாகத்தான் இருக்கும், நட்டு மட்டும் மரை முடிந்து முட்டிக்கொண்டு நிற்கும். கம்பியைத் தளர்த்திவிட்டு நட்டை மெதுவாகக் கழற்றி, உள்ளே சின்ன வாஷர் ஒன்று போட்டு மறுபடி முறுக்குங்கள். கால் சுற்றுக்கு மேல் ஒரே மூச்சில் திருப்ப வேண்டாம். திருப்பிவிட்டு அன்று ராத்திரி அப்படியே விட்டுவிடுங்கள், மரம் நிதானமாகத்தான் அசையும். சில கிட்டார்களில் நட்டு கழன்று வராத மாதிரி செய்திருப்பார்கள். அப்படி இருந்தால் பலம் போடாதீர்கள். ராடு உடைந்தால் நெக்கே போயிற்று.

வாஷர் போட்டுச் சரியானாலும் பையனிடம் சொல்லுங்கள். சரியாகாவிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். சொல்வதைவிடக் காட்டுவது நல்லது. அவனை வீட்டுக்கு வரச் சொல்லி, அவன் போடப்போகிற தடிமனில் கம்பி போட்டு வையுங்கள். கிட்டாரை மடியில் வைத்து, எல்லாவற்றிலும் தடித்த ஈ (E) கம்பியை முதல் ஃப்ரெட்டில் ஒரு கையாலும், நெக் உடம்போடு சேருகிற இடத்தில் மறு கையாலும் அழுத்திப் பிடியுங்கள். இப்போது கம்பியே அளவுகோல் மாதிரி நேராக நிற்கும். ஏழாவது, எட்டாவது ஃப்ரெட் பக்கத்தில் கம்பிக்கு அடியில் ஒரு விசிட்டிங் கார்டை நுழைக்கச் சொல்லுங்கள். அவன் கையாலேயே நுழைக்கட்டும். ஒரு கார்டு லேசாக உரசிக்கொண்டு போனால் நெக் நன்றாக இருக்கிறது. மூன்று கார்டை அடுக்கினாலும் தாராளமாகப் போனால், என்ன விலைக்கு வாங்குகிறோம் என்று அவனுக்கே தெரிந்துவிடும். இனி எந்தக் கிட்டாரை வாங்கப் போனாலும் சட்டைப்பையில் ஒரு கார்டோடு போவான்.

இரைச்சலையும் மறைக்காதீர்கள். ஜாஸ் பேஸில் கம்பியின் அதிர்வை ஆம்புக்கு அனுப்புகிற பிக்கப் இரண்டையும் முழுசாகத் திறந்து வைத்தால் ஒன்றின் இரைச்சலை மற்றொன்று அடக்கிவிடும். ஒன்றைக் குறைத்ததும் 'உம்ம்' என்று கேட்கும். விற்கிறவர்கள் பலர் இரண்டையும் திறந்தே வாசித்துக் காட்டுவார்கள். பண்டிகை மேடையில் ஒரு பக்கம் ஜெனரேட்டர், தலைக்கு மேல் சீரியல் செட். அங்கே அந்த 'உம்ம்' எவ்வளவு பெரிதாகும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த வகைக் கிட்டாரின் சுபாவமே அது, குறை இல்லை. அதையும் சொல்லி, ஒரு குமிழைக் குறைத்து வாசித்தும் காட்டுங்கள்.

விலைக்கு என் பழக்கம் இது. அதே மாடல் இன்று கடையில் புதிதாக என்ன விலை என்று பார்ப்பேன். குறை இல்லாததற்கு அதில் பாதிக்கு மேல், முக்காலுக்குள். நெக்கில் வேலை இருந்தால் பாதிக்கும் கீழே. வாஷர் போட்டும் நிமிராத நெக் என்றால், அந்தப் பையனுக்கு அதைக் கொடுக்காமல் மற்ற மூன்றில் நல்ல ஒன்றைக் கொஞ்சம் குறைத்துக் கொடுங்கள். வளைந்ததை, நெக்கை மாற்றிக்கொள்ளத் தெரிந்த ஒருவருக்கு உள்ளதைச் சொல்லி விற்கலாம். உங்களுக்கு வேண்டியது, தினமும் வாசிக்க ஒன்று, அவசரத்துக்குக் காரில் கிடக்க ஒன்று. கல்யாணத்துக்குப் பணம் வேண்டும் என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் தறி ஓட்டுகிறவர் மகனுக்காகச் சேர்த்த பணமும் அதே மாதிரிப் பணம்தான்.

சரி, குழுக்கள்.

மூன்று இடத்தில் வாசிப்பது தவறே இல்லை. கிட்டார் வாசிக்கிறவர்கள் நிறையப் பேர், கீபோர்டு அதைவிட நிறைய. பேஸ் எடுக்கிறவர்கள் குறைவு, அதனால் ஒரே ஆளை மூன்று குழு கூப்பிடுகிறது. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடிக்கு மாரியம்மன் இருக்கிறாள், மார்கழிக்கு யார் இருக்கிறார்கள்? மாதச் சம்பளம் தராத தலைவர் "என்னிடம் மட்டும் இரு" என்று கேட்பது நியாயம் இல்லை. ஆனால் அவர் கோபத்துக்குள் ஒரு நியாயமான பயம் இருக்கிறது. அட்வான்ஸ் வாங்கியவர் அவர். மண்டபத்தில் மாப்பிள்ளை வீட்டாருக்கு முன்னால் நின்று பதில் சொல்லப்போகிறவரும் அவர். நீங்கள் வருவீர்களா என்பது அவருக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும், அவ்வளவுதான். அதைக் கொடுத்துவிட்டால் "யார் பக்கம்" என்ற கேள்வி தானாகத் தணிந்துவிடும் என்று நினைக்கிறேன்.

நான் வாசித்துக்கொண்டிருந்த காலத்தில் ஒரு மே மாதம், ஏற்காட்டில் மதியம் ஒரு புரோகிராம், கீழே அஸ்தம்பட்டியில் சாயங்காலம் ஏழு மணிக்கு ரிசப்ஷன். இரண்டையும் ஒப்புக்கொண்டேன். மலையிலிருந்து இறங்க ஒரு மணி நேரம் போதும் என்று கணக்கு. கோடை விழா நடக்கிற நாள் என்பது தெரியும், தெரிந்தும் யோசிக்கவில்லை. வண்டிகள் ஏரியைத் தாண்டியே நகரவில்லை. 20 கொண்டை ஊசி வளைவையும் இறங்கி அடிவாரம் வந்தபோது மணி எட்டேகால். மண்டபத்துக்குள் நுழைந்தபோது பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கீபோர்டுக்காரர் இடது கையில் பேஸையும் சேர்த்து வாசித்துச் சமாளித்துக்கொண்டிருந்தார். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. டிரம்ஸ் வாசித்தவர் மட்டும் ஒவ்வொரு சரணம் திரும்பும்போதும் தன் இடது பக்கம் பார்த்தார். நான் நிற்கிற இடம் அது. அங்கே என் ஆம்ப் மட்டும் பச்சை விளக்கு எரிய நின்றுகொண்டிருந்தது. காலையிலேயே கொண்டுபோய் வைத்துவிட்டுப் போயிருந்தேன். தலைவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அடுத்த மூன்று மாதம் அந்தக் குழுவிலிருந்து அழைப்பு வரவில்லை. காரணம் எனக்குத் தெரியும் என்பதால் நானும் கேட்கவில்லை.

அதற்குப் பிறகு தினசரி காலண்டரில் முகூர்த்த நாள் ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளைச் சிவப்பில் வட்டமிட ஆரம்பித்தேன். ரிசப்ஷன் முந்தின நாள் சாயங்காலம்தானே. அந்த நாட்களை மெல்லிசைக் குழுவுக்கென்றே ஒதுக்கி, வேறு யார் கேட்டாலும் அந்தக் குழுத் தலைவரிடம் கேட்டுவிட்டுத்தான் பதில். நீங்களும் தை முதல் ஆனி வரை அப்படி ஒரு பட்டியல் எழுதித் தலைவர் கையில் கொடுங்கள். உங்கள் கல்யாணத் தேதியையும் அதில் எழுத மறக்காதீர்கள்.

ஒவ்வொரு குழுவுக்கும் தனி நோட்டு வையுங்கள். பாட்டு, அந்தப் பாடகர் பாடுகிற ஸ்கேல், எந்த இடத்தில் பேஸ் நிற்க வேண்டும், முடிவுக்கு யார் கை காட்டுவார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். உங்களால் போக முடியாத நாளில் வேறு ஆளை அனுப்பினால் இரண்டு நாள் முன்னால் அந்த நோட்டையும் சேர்த்து அனுப்புங்கள். வெறும் ஆளை அனுப்புவது மாற்று ஏற்பாடு ஆகாது.

உங்கள் சொந்தப் பாட்டு பேண்டைப் பற்றித்தான் எனக்குக் கவலை. அதற்கு அட்வான்ஸ் கிடையாது, தேதி கிடையாது. அதனால் எப்போதும் அதுதான் தள்ளிப்போகும். முகூர்த்தம், பண்டிகை எது வந்தாலும் அசையாத மாதிரி வாரத்தில் ஒரு நாளை ரிகர்சலுக்கு வைத்துவிடுங்கள், செவ்வாய்க்கிழமை சாயங்காலம் என்று வைத்துக்கொள்ளுங்களேன். பத்து வருடம் கழித்து நீங்கள் எடுத்துக் கேட்கப்போவது அந்தப் பாட்டுகளைத்தான்.

டிசம்பர் 31. அக்டோபரில் சர்ச்சுக்குச் சொன்ன வார்த்தை முதலில் சொன்னது, அது நிற்க வேண்டும். சர்ச்சில் பணம் தருவதில்லை. பணம் தராத இடத்தைத்தான் நாம் எல்லோரும் முதலில் தள்ளிவைக்கிறோம், அவர்கள் சண்டை போட மாட்டார்கள் என்ற தைரியத்தில். வருடக் கடைசி ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாடகர் குழு எழுந்து நிற்கும்போது கீழே பேஸ் இல்லாவிட்டால், அங்கே பாடிக்கொண்டிருப்பது உங்கள் பெரியம்மாவும் அத்தையும்தான். கீழே சர்ச், மேலே மலை, நடுவில் புத்தாண்டுக் கூட்டம் நிரம்பிய மலைப்பாதை. இரண்டையும் பார்த்துக்கொள்ளலாம் என்று கணக்குப் போடாதீர்கள், நான் போட்டுப் பார்த்த கணக்கு அது. இந்தப் பதிலைப் படித்ததும் நண்பர்களைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். இன்னும் ஒரு மாதத்துக்கு மேல் இருக்கிறது, அவர்கள் ஆள் தேட அது போதும். ஆள் கிடைக்கிறவரை நீங்களும் சேர்ந்து தேடுங்கள். கிடைத்த ஆளுடன் இரண்டு செவ்வாய்க்கிழமை உட்கார்ந்து பாட்டுகளைச் சொல்லிக்கொடுங்கள். அவர்களுக்குக் கோபம் வரும். வரட்டும், அன்று ராத்திரி வருவதைவிட இன்று வருவது பரவாயில்லை.

வளைந்த அந்தக் கிட்டாரை ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்தபிறகு, என் வீட்டுக்கு எடுத்து வாருங்கள். நட்டைக் கழற்றுவதற்கு முன் நானும் ஒருமுறை பார்க்கிறேன். அளவு சரியான ஆலன் கீயும் வாஷரும் என்னிடம் இருக்கின்றன. அம்மாப்பேட்டைப் பையனுக்கு நேரம் இருந்தால் அவனையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
அண்ணன்