குறைந்த விலையில் குதிரை வாங்க எங்கே, எப்போது தேடுவது? விலை ஏன் இப்படி மாறிக்கொண்டே இருக்கிறது?

கேள்வி: "60,000 ரூபாய்க்குள் ஏறிப் பழக ஒரு குதிரை தேடுகிறேன். பார்க்க ஒரே மாதிரி இருக்கும் குதிரைக்கு ஒருவர் 40,000 சொல்கிறார், இன்னொருவர் 2 லட்சம் சொல்கிறார். போன மாதம் கேட்ட விலை இந்த மாதம் இல்லை. நேரில் போனால் 'விற்றுவிட்டது' என்கிறார்கள். எப்படித்தான் வாங்குவது?"

பதில்:

என் தோட்டத்துக் கொட்டகையில் ஒரு வெள்ளைப் பெட்டைக் குதிரை நிற்கிறது. 2020 ஐப்பசியில் அதற்கு நான் கொடுத்தது 45,000 ரூபாய். 2022 தை மாதம் ஒருவர் வீடு தேடி வந்து 1,10,000-க்குக் கேட்டார். நடுவில் அதற்கு ஒரு வயது கூடியிருந்தது, அவ்வளவுதான். 2020-ல் ஊரில் கல்யாண ஊர்வலம் கிடையாது. 2022-ல் மண்டபம் கிடைக்காமல் அலைந்தார்கள். உங்கள் கேள்விக்குப் பாதிப் பதில் இதிலேயே இருக்கிறது.

நம் பக்கம் குதிரை வாங்குகிறவர்கள் மூன்று வகை. கல்யாணத்துக்கும் கோயில் ஊர்வலத்துக்கும் வாடகைக்கு விடுகிறவர்கள், ரேக்ளா (வண்டிப் பந்தயம்) ஓட்டுகிறவர்கள், என்னையும் உங்களையும் போல ஆசைக்கு வளர்ப்பவர்கள். விலையை ஏற்றி இறக்குவது முதல் இரண்டு பேர்தான். தை பிறந்தால் வெள்ளைக் குதிரைக்கும் நன்றாக ஆடும் குதிரைக்கும் கிராக்கி வந்துவிடும். ரேக்ளாவில் ஒரு தடவை ஜெயித்த நாட்டுக் குதிரையை மறுநாள் போய்க் கேட்டால் நேற்றைய விலை இருக்காது. ஆடியிலும் மார்கழியிலும் முகூர்த்தம் இல்லை. குதிரைக்கு வருமானம் இல்லை, ஆனால் தினமும் தீனி போட்டாக வேண்டும். அப்போதுதான் "நீங்களே ஒரு விலை சொல்லுங்க" என்று இறங்கி வருவார்கள். தீவனம் விலை ஏறும் வறட்சி ஆண்டிலும் இதே கதைதான். ஒருவருக்குத் தீனி போட முடியாத நேரம்தான் இன்னொருவருக்கு மலிவான நேரம். அதனால் முதலில் உங்களிடம் ஆறு மாதத் தீனிக்கு வழி இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அவசரப்படாமல் காத்திருக்கலாம். காத்திருக்க முடிகிறவருக்குத்தான் இந்த வியாபாரத்தில் நியாயமான விலை கிடைக்கிறது.

இடம் என்று கேட்டால், ஈரோடு மாவட்டத்தில் எல்லோரும் சொல்வது அந்தியூர் குருநாதசாமி கோயில் ஆடித் திருவிழாச் சந்தை. நானும் அங்கிருந்துதான் ஆரம்பித்தேன். 2018-ல் கையில் 50,000 ரூபாயோடு போனேன். கத்தியவாரி என்ற குஜராத் இனக் குதிரைக்கு ஒன்றரை லட்சத்துக்குக் கீழே யாரும் வாய் திறக்கவில்லை. மட்டக் குதிரைகள் (குட்டை ரகம்) 25, 30 ஆயிரத்துக்கு இருந்தன. என் எடைக்கு அவை தாங்காது. நான் அன்று தெரிந்துகொண்டது, முதல் நாள் சொல்கிற விலை யாரையோ ஆழம் பார்க்கிற விலை என்பதுதான். வேறொரு குதிரைக்கு முதல் நாள் காலையில் 1,10,000, மத்தியானம் 95,000, கடைசி நாள் சாயங்காலம் 78,000. வெளிமாநிலத்து வியாபாரிக்குத் திரும்பிப் போக லாரி வாடகை இருக்கிறது, விற்காத குதிரையைத் திருப்பி ஏற்றிப் போவது நஷ்டம். ஆனால் கடைசி நாள் வரை விற்காமல் நிற்கிற குதிரை ஏன் நிற்கிறது என்பதையும் யோசிக்க வேண்டும். நல்லவை முதல் இரண்டு நாளிலேயே போய்விடும்.

விலை வித்தியாசத்துக்கு இன்னொரு காரணம் நிறமும் சுழியும் (உடம்பில் முடி சுழன்று நிற்கும் இடம்). நான்கு காலும் வெள்ளை, முகமும் வெள்ளை என்றால் பஞ்சகல்யாணி, அதற்குத் தனி விலை. கழுத்திலோ நெற்றியிலோ ஆகாத இடத்தில் சுழி இருந்தால் அதே வயது, அதே உயரக் குதிரை பாதி விலைக்குக்கூட வரும். சுழியால் குதிரையின் காலோ மூச்சோ கெடுவதில்லை. உங்களுக்கும் வீட்டுப் பெரியவர்களுக்கும் அதில் மனக்குறை இல்லையென்றால் குறைந்த விலைக்கு இது நேர்மையான வழி. பின்னால் நீங்கள் விற்கப்போகும்போதும் அதே சுழியைக் காட்டித்தான் விலையைக் குறைப்பார்கள், அதையும் கணக்கில் வையுங்கள்.

"மார்வாரி" என்ற பேருக்கும் பணம் கேட்பார்கள். மார்வாரிக்குக் காது இரண்டும் உள்நோக்கி வளைந்து நுனி ஒன்றையொன்று தொடும். கத்தியவாரிக்கும் காது வளைந்திருக்கும். காது லேசாக வளைந்த கலப்புக் குதிரை எல்லாவற்றையும் சந்தையில் மார்வாரி என்றுதான் சொல்கிறார்கள். ஏறிப் பழக உங்களுக்கு ஜாதிக் குதிரை தேவையே இல்லை. நல்ல நாட்டுக் குதிரை போதும்.

இனி நான் பட்ட அடியைச் சொல்கிறேன். 2019 ஆடியில், கடைசி நாள், துண்டுக்குள் விரல் பிடித்துப் பேரம் பேசி 32,000-க்கு ஒரு செவலைப் பெட்டையை முடித்தேன். ஆறு வயது என்றார்கள். சந்தை மண்ணில் அழகாக நடந்தது. வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள் முன் வலது காலை ஊன்றவில்லை. நாமக்கல் கால்நடைக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். குளம்புக்குள் பழைய கோளாறு. வலி தெரியாமல் இருக்க ஊசி போட்டுச் சந்தையில் நிறுத்தியிருக்கலாம் என்றார் மருத்துவர். விற்றவரின் போன் அணைந்திருந்தது. முதல் வருடம் மருந்துக்கும் லாடத்துக்கும் ஆன செலவு வாங்கிய விலையைத் தாண்டிவிட்டது. அந்தச் செவலை இன்றும் என்னிடம்தான் இருக்கிறது. யாரும் அதன் மேல் ஏறுவதில்லை.

அப்போது எங்கள் பக்கம் லாடம் அடிக்கும் பெரியவர் ஒருவர் சொன்னது: "மணல்ல எல்லாக் குதிரையும் நல்லாத்தான் நடக்கும் கண்ணு. தார் ரோட்டுல நடக்க விட்டுப் பாக்கோணும்." அதிலிருந்து நான் அப்படித்தான் பார்க்கிறேன். கடினமான தரையில், கயிறைத் தளர்த்திப் பிடித்து, ஓட்ட நடையில் கொண்டுபோகச் சொல்லுங்கள். முன்னங்காலில் வலி இருந்தால் அந்தக் கால் தரையில் படும்போது தலையைத் தூக்கும், நல்ல கால் படும்போது தலையைத் தாழ்த்தும். லாடச் சத்தத்தைக் கண்ணை மூடிக் கேட்டாலும் தெரியும், நான்கும் ஒரே தாளமாக விழ வேண்டும். முடிந்தால் ஒரு வாரம் இடைவெளி விட்டு, சொல்லாமல் இன்னொரு தடவை போய்ப் பாருங்கள். ஊசியின் வேலை அதற்குள் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

வயதைப் பல்லில் பாருங்கள். ஐந்து வயதில் பால் பல் விழுந்து நிலையான முன்பற்கள் எல்லாம் வந்துவிடும். மேல் வரிசையின் ஓரப் பல்லில், ஈறை ஒட்டிப் பழுப்பாக ஒரு பள்ளக் கோடு தொடங்கினால் பத்து வயது வாக்கில் இருக்கும். பாதிப் பல் வரை இறங்கியிருந்தால் 15, முழுக்க இறங்கியிருந்தால் 20. என் செவலைக்குக் கோடு கால்வாசி இறங்கியிருந்தது. ஆறு வயது என்று நம்பியது நான் உதட்டைத் தூக்கிப் பார்க்காததால்தான். பத்து பன்னிரண்டு வயதுக் குதிரை உங்களுக்குக் கெட்டது என்று அர்த்தமில்லை. புதிதாகப் பழகுகிறவருக்கு வயது முதிர்ந்த, அமைதியான குதிரைதான் நல்லது. விலையும் குறைவு. வயதைத் தெரிந்து வாங்க வேண்டும், அவ்வளவே.

கிடைப்பதே குறைந்துவருவதும் உண்மை. 2012 கால்நடைக் கணக்கெடுப்பில் நாடு முழுக்கக் குதிரையும் மட்டமும் சேர்ந்து 6.25 லட்சம் இருந்தன, 2019-ல் 3.4 லட்சம். ஏழு வருடத்தில் கிட்டத்தட்டப் பாதி. நல்ல குதிரை "விற்றுவிட்டது" என்று கேள்விப்படுவதில் ஆச்சரியமில்லை. வடக்கே ராஜஸ்தானின் புஷ்கர் சந்தை வடநாட்டுக் கணக்கின் கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி, மகாராஷ்டிராவின் சாரங்கேடா சந்தை டிசம்பரில் தத்த ஜெயந்தியை ஒட்டி. அங்கே விலை குறைவு என்று சொல்லி ஆசைகாட்டுவார்கள். லாரி வாடகை, வழித் தீனி, கூட வரும் ஆள் எல்லாம் சேர்த்தால் ஒரே ஒரு குதிரைக்காக அவ்வளவு தூரம் போவது கட்டுப்படியாகாது. கிளாண்டர்ஸ் என்று ஒரு நோய் இருக்கிறது, மனிதனுக்கும் தொற்றும், வந்த குதிரையைக் கொன்றுவிடுவார்கள். ஒரு பகுதியில் அது தென்பட்டால் குதிரைப் போக்குவரத்தையும் சந்தையையும் நிறுத்திவிடுவார்கள். அந்த மாதங்களில் விலை தாறுமாறாகும். இந்த நோய் இல்லை என்ற ரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது இருப்பதற்காக இரண்டாயிரம் கூடக் கேட்டாலும் கொடுக்கலாம். வண்டியில் ஏற்றக் கால்நடை மருத்துவரின் சான்றும் வேண்டும்.

ஆன்லைன் விளம்பரத்தை நம்பி முன்பணம் அனுப்பாதீர்கள். ஒரே படத்தை மூன்று ஊரில் மூன்று விலைக்குப் பார்த்திருக்கிறேன்.

ஓய்வுபெற்ற ரேஸ் குதிரை பற்றியும் சிலர் சொல்லியிருப்பார்கள். ஊட்டி ரேஸ் மைதான நிலத்தை 2024-ல் அரசு எடுத்துக்கொண்டபோது "இனி ரேஸ் குதிரை சும்மாவே கிடைக்கும்" என்று எனக்கே நாலு பேர் போன் செய்தார்கள். குறைந்த விலைக்குக் கிடைப்பது நிஜம்தான். ஆனால் அது ஓடுவதற்கு மட்டுமே பழகிய உடம்பு. தீனி அதிகம், காலில் பழைய காயம் இருக்கும், சின்னச் சத்தத்துக்கும் பாயும். முதல் குதிரையாக வேண்டாம்.

வெள்ளைக் குதிரை கதைக்கு வருகிறேன். 2020-ல் கொரோனாவால் அந்தியூர்ச் சந்தை கூடவில்லை. அந்த ஐப்பசியில் பக்கத்து ஊரிலிருந்து கல்யாணத்துக்குக் குதிரை விடும் ஒருவர் போன் செய்தார். மூன்று குதிரை வைத்திருந்தார், ஏழு மாதமாக ஒரு வாடகை இல்லை. "60 சொல்லலாம்னு இருந்தேனுங்க. 45 குடுங்க போதும், ஆனா நல்லா வெச்சுக்கோணும்" என்றார். நான் பேரம் பேசவில்லை. பல் பார்த்தேன், ரோட்டில் நடக்கவிட்டேன், மருத்துவரைக் கூட்டிப்போய்க் காட்டினேன். வண்டியில் ஏற்றும்போது அரை மூட்டைக் கொள்ளுப் பயறையும் கூடவே ஏற்றினார். "பட்டாசுக்குப் பயப்படாதுங்க. குடைய விரிச்சா மட்டும் மிரளும். கொள்ள ஊற வெக்காம போட்டுராதீங்க." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். குடையைப் பற்றி அவர் சொல்லாமல் விட்டிருந்தால் முதல் மழையிலேயே நான் கீழே விழுந்திருப்பேன். குதிரையை விட்டுப் பிரிய மனமில்லாதவரிடம் வாங்குங்கள் என்று நான் எல்லோரிடமும் சொல்வது இதனால்தான். அப்படிப்பட்டவர் குறையையும் சொல்லித்தான் கொடுப்பார். இவர்களைச் சந்தையில் பிடிக்க முடியாது. லாடம் அடிப்பவர், கால்நடை மருத்துவர், ஊர்வலக் குதிரை விடுபவர்கள் ஆகியோரிடம் சொல்லிவைத்தால் நேரம் வரும்போது அவர்களே கூப்பிடுவார்கள்.

60,000-ஐயும் குதிரைக்கே கொடுத்துவிடாதீர்கள். 300 கிலோ எடையுள்ள குதிரைக்கு நாளுக்கு ஆறு கிலோவாவது காய்ந்த தீனி வேண்டும், 25, 30 லிட்டர் தண்ணீர் வேண்டும். ஆறு வாரத்துக்கு ஒரு முறை லாடம், குடற்புழு மருந்து, தடுப்பூசி. தீனியை ஒரே நாளில் மாற்றினால் வயிற்றுவலி வந்து உயிருக்கே ஆபத்தாகும்; குதிரையால் வாந்தி எடுக்க முடியாது. 40,000-க்குக் குதிரை, மிச்சம் கையிருப்பு என்று வைத்துக்கொண்டால் சமாளிக்கலாம்.

இந்த ஆடிக்கு அந்தியூர் வருவதாக இருந்தால் பணத்தை வீட்டில் வைத்துவிட்டு முதல் நாள் காலையிலேயே வாருங்கள். விலை கேளுங்கள், பல் பாருங்கள், நடை பாருங்கள், எதையும் முடிக்க வேண்டாம். கருத்தில் சொல்லுங்கள், நானும் கூட வருகிறேன்.