மொகஞ்சதாரோ எலும்புக்கூடுகள் படையெடுப்புக்குச் சான்றா?

இல்லை. சிந்துவெளி நகரமான மொகஞ்சதாரோவின் தெருவில் கிடந்த எலும்புக்கூடுகளை மட்டும் வைத்து "ஆரியர் படையெடுத்து அழித்தார்கள்" என்று கட்டுரையில் எழுதாதீர்கள். தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் 1940களில் சொன்னது அது. 1964இல் இன்னொரு தொல்லியலாளர் ஜார்ஜ் டேல்ஸ் மறுத்துவிட்டார்: கிடைத்தவை சுமார் 37தான், எல்லாம் ஒரே காலத்தவை அல்ல, நகரின் அரணுள்ள உயர்ந்த பகுதியான கோட்டை மேட்டில் ஒன்றுகூட இல்லை.

நகரம் மெல்லத் தளர்ந்தது என்பதே பொருந்துகிறது. கி.மு. 2200க்குப் பின் பருவமழை குறைந்தது. கடைசிக் காலத்தில் பெரிய வீடுகளைக் குறுக்குச் சுவர் வைத்துக் கூறுபோட்டிருக்கிறார்கள், சாக்கடைகள் பராமரிப்பின்றிக் கிடந்தன, குயவர் சூளைகள் தெருவுக்குள்ளேயே வந்துவிட்டன. பாவம், எவ்வளவு ஒழுங்காக இருந்த ஊர்!

அகழாய்வு அறிக்கையில் ஒவ்வொரு எலும்புக்கூடும் எந்த மண் அடுக்கில் (அதாவது எந்தக் காலத்தில்) கிடைத்தது, பக்கத்தில் ஆயுதமோ எரிந்த தடமோ உண்டா என்று பாருங்கள்.

அப்புறம், மழையை மட்டுமே காரணமாக்கிவிடாதீர்கள். மெசொப்பொத்தேமியாவுடன் (இன்றைய ஈராக் பகுதி) நடந்த வணிகமும் சுருங்கியது, குஜராத் பக்கம் ஊர்கள் தொடர்ந்தன.