பேனிக் அட்டாக் (திடீரென்று வரும் கடும் பய, படபடப்புத் தாக்குதல்) திரும்பத் திரும்ப வருகிறது, டெஸ்ட் எல்லாம் நார்மல். இதிலிருந்து வெளியே வர முடியுமா?

முடியும். நான் மருத்துவன் இல்லை. இரண்டு வருடம் இதில் மாட்டிக்கொண்டு மீண்டவன்.

எனக்கு முதல் தடவை வந்தது தூக்கத்தில். தூங்கும்போதுமா என்று கேட்காதீர்கள், வரும். திடுக்கென்று எழுந்தால் நெஞ்சு படபடவென்று அடிக்கிறது, விரல் நுனியெல்லாம் மரத்துப்போகிறது, எவ்வளவு இழுத்தாலும் மூச்சு போதவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்துப் பார்த்துவிட்டு, "ஒண்ணும் இல்ல, ரெஸ்ட் எடுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். ஒன்றுமில்லாததற்கா இந்தப் பாடு? அந்த இரண்டு வார்த்தையை நம்பவும் முடியாமல், தள்ளவும் முடியாமல் ஆறு மாதம் போனது.

நடந்தது என்ன என்று பிறகுதான் புரிந்தது. ஆபத்து என்று மூளை தப்பாக மணி அடிக்கிறது, அட்ரினலின் என்ற ஹார்மோன் பாய்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. மூச்சு போதவில்லை என்று வேகவேகமாக இழுக்கிறோம். அதில் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடுகிறது. தலைச்சுற்றலும் விரல் மரத்துப்போவதும் பெரும்பாலும் அதனால்தான். மயங்கி விழுந்துவிடுவோமோ என்ற பயம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வரும். ஆனால் மயக்கம் வருவது பொதுவாக ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கும்போது, இங்கே நடப்பது அதற்கு நேர்மாறு. சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போய்த் தானாக இறங்கும்.

அப்புறம் ஏன் திரும்பத் திரும்ப வருகிறது? வந்துவிடுமோ என்று காத்திருப்பதால். லிஃப்டை விட்டேன். கூட்டங்களில் வாசலோரம்தான் உட்காருவேன். தண்ணீர் பாட்டில் இல்லாமல் தெருமுனைக்குக்கூடப் போகமாட்டேன். பேச்சுக்கு நடுவே மேசைக்கடியில் நாடி பிடித்துப் பார்ப்பேன். ஒவ்வொரு தடவை தப்பித்தபோதும், 'பாட்டில் இருந்ததால் பிழைத்தேன்' என்று மனசு கணக்கு எழுதிக்கொண்டது. அட்டாக்கைவிட இந்தக் கணக்குதான் நோய்.

எனக்குக் கைகொடுத்தது சிபிடி எனப்படும் பேச்சு சிகிச்சை. மூன்றாவது தடவை போனபோது ஆலோசகர் என்னைச் சுழல் நாற்காலியில் உட்காரவைத்து ஒரு நிமிடம் சுற்றச் சொன்னார். தலை கிறுகிறுத்தது, நெஞ்சு அடித்தது, அதே பயம் அப்படியே வந்தது. எழுந்து ஓடப் பார்த்தேன். "உட்காருங்க, என்ன ஆகுதுன்னு பார்ப்போம்" என்றார். ஒன்றும் ஆகவில்லை. மறுபடி சுற்றினேன். அடுத்து ஸ்ட்ரா வழியாக மூச்சு விடுவது, நின்ற இடத்திலேயே ஓடுவது. பார்க்கிறவருக்குச் சிரிப்பு வரும், ஆனால் படபடப்பு என்பது வெறும் படபடப்புதான் என்று உடம்பு கற்றுக்கொள்வது அப்படித்தான். பாட்டிலை வீட்டில் வைத்துவிட்டுப் போனதும் அந்தப் பயிற்சியில் சேர்த்தி. அதுதான் எல்லாவற்றையும்விடக் கஷ்டமாக இருந்தது.

மருந்தும் எடுத்தேன், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. மனநல மருத்துவர்கள் பெரும்பாலும் முதலில் எழுதுவது எஸ்எஸ்ஆர்ஐ வகை, அதாவது மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள். பலன் தெரியச் சில வாரம் ஆகும். ஆரம்ப நாட்களில் பதற்றம் கொஞ்சம் கூடவும் செய்யலாம் என்பதால் குறைந்த அளவில்தான் தொடங்குவார்கள். இதை முன்கூட்டியே சொல்லாததால் பலர் நான்காம் நாளே நிறுத்திவிடுகிறார்கள். அல்பிரசோலம் போன்ற பதற்றம் தணிக்கும் மாத்திரைகள் உடனே அடக்கும், ஆனால் பழக்கமாகிவிடும். மருத்துவர் சொல்லாமல் தொடரவும் கூடாது, திடீரென்று நிறுத்தவும் கூடாது.

உங்கள் டெஸ்டுகளில் தைராய்டு, ரத்தசோகை இரண்டும் இருந்தனவா என்று பாருங்கள். காபியைக் குறைத்துப் பாருங்கள். நெஞ்சு வலி வழக்கத்துக்கு மாறாக இருந்தால் 'பேனிக்தான்' என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள், உடனே காட்டிவிடுங்கள்.

எனக்குக் கடைசியாக வந்தது நாலு மாதம் முன்பு, துணி காயப்போடும்போது. சரி, வந்துவிட்டாய் என்று சொல்லிவிட்டு அடுத்த சட்டையை எடுத்து உதறினேன். பக்கெட் காலியாவதற்குள் அது போய்விட்டது.