வண்டிப் பந்தயக் குதிரை: ஓட்டத் திறனை எப்படி அளப்பது?

கேள்வி: காரைக்குடி அருகே 6 வயதுக் குதிரையை வண்டிப் பந்தயத்துக்குப் பழக்குகிறேன். உடல் எவ்வளவு தேறியிருக்கிறது என்று அறிய ரத்தப் பரிசோதனை போதுமா? நாடி எண்ணுவதா, இதயத்துடிப்புப் பட்டை வாங்குவதா?

பதில்: கட்டுத்தறியில் நிற்கும் குதிரையின் ரத்தத்தை வைத்து ஓட்டத் திறனைச் சொல்ல முடியாது. ஊசியைக் கண்டு மிரண்டாலே மண்ணீரல் சேமித்த சிவப்பணுக்களை ரத்தத்தில் இறக்கிவிடும். அளவு கூடுதலாகக் காட்டும். நோயைக் கண்டறிய அந்தப் பரிசோதனை வேண்டும், திறனை அளக்க வேண்டாம்.

நாடியில் தொடங்குங்கள். ஸ்டெதாஸ்கோப்பை இடப்பக்கம், முன்னங்கால் நெஞ்சோடு சேரும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் அழுத்தி வைத்து, 15 விநாடி எண்ணி 4-ஆல் பெருக்குங்கள். ஓய்வில் 28 முதல் 44 வரை இருக்கும். ஓட்டம் முடிந்து 5, 10, 15-ஆம் நிமிடங்களில் எண்ணிக் குறித்து வையுங்கள். 15 நிமிடத்துக்குள் 64-க்குக் கீழே வந்துவிட்டால் அன்றைய வேலையைக் குதிரை தாங்கியிருக்கிறது. அதன்பின் 40 மீட்டர் மெது ஓட்டமாகக் கொண்டுபோய்த் திருப்புங்கள். புறப்பட்டதிலிருந்து சரியாக 1 நிமிடத்தில் மறுபடி எண்ணும்போது முன்னதைவிட 4 துடிப்போ மேலோ கூடியிருந்தால் களைப்பு அல்லது கால்வலி என்று சந்தேகப்படுங்கள்.

நாடியில் ஒரு குறை உண்டு. நிறுத்திய முதல் நிமிடத்திலேயே துடிப்பு மளமளவென்று இறங்கிவிடுவதால், ஓடும்போது இருந்த அளவு கைக்கு அகப்படாது. அதற்குத்தான் பட்டை. மேடுபள்ளமில்லாத கண்மாய்க்கரைச் சாலையில் மணிக்கு 15, 20, 25 கிலோமீட்டர் வேகங்களில் தலா 2 நிமிடம் ஓட்டி, ஒவ்வொன்றின் கடைசியிலும் துடிப்பைக் குறியுங்கள். துடிப்பு 200-ஐத் தொடும் வேகத்தை வி-200 என்பார்கள். பயிற்சி ஏற ஏற அந்த வேகமும் கூட வேண்டும். உங்கள் குதிரைக்கு நான் முக்கியமாகச் சொல்வது இந்தப் பட்டைச் சோதனையைத்தான். பட்டையின் உணரிகளையும் அடியில் உள்ள ரோமத்தையும் நன்றாக நனையுங்கள். காய்ந்திருந்தால் எண் தாறுமாறாகக் குதிக்கும்.

லாக்டேட், அதாவது கடும் ஓட்டத்தில் தசையில் உண்டாகி ரத்தத்தில் சேரும் பொருள், அதை அளப்பது இன்னும் நுட்பமானது. அது ரத்தத்தில் லிட்டருக்கு 4 மில்லிமோலைத் தொடும் வேகமே அதில் கணக்கு. ஒவ்வொரு வேகத்துக்கும் கால்நடை மருத்துவர் கழுத்து ரத்தக்குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும் என்பதால் அடிக்கடி செய்ய இயலாது.

எதைச் செய்தாலும் அதே சாலை, அதே வண்டி, அதே சாரதி, அதே விடிகாலை நேரம். சித்திரை வெயிலில் எடுத்த எண்ணை மார்கழி எண்ணோடு ஒப்பிடாதீர்கள். வெக்கையே துடிப்பை ஏற்றிவிடும். நொண்டும் குதிரையைச் சோதிக்கவே கூடாது. ஓட்டம் முடிந்து ஆசனவாய் வெப்பம் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் நிழலுக்குக் கொண்டுபோய், உடல் முழுக்கக் குளிர்ந்த நீரை விடாமல் ஊற்றுங்கள். இறங்காவிட்டால் உடனே மருத்துவரை அழையுங்கள்.