ஐயருக்கு (பாஸ்டருக்கு), உபதேசியாருக்கு (அவருக்கு கீழ சபைய கவனிக்கிற ஊழியர்) சபை ஏன் சம்பளம் குடுக்கணும்? கேள்வி பதில்

(நான் ஊழியக்காரர் இல்ல, எங்க சபையில பொருளாளரா கணக்கு பாத்தவன். தெரிஞ்சத சொல்றேன், கேளுங்க.)

கேள்வி: அண்ணே, அப்போஸ்தலர் பவுல் கூடாரம் தச்சுதானே சாப்பிட்டாரு, இப்ப உள்ள பாஸ்டருங்க ஏன் வேலைக்கு போகக்கூடாது?

தம்பி, 1 கொரிந்தியர் 9 முழுசா படிங்க. களத்துல போரடிக்கிற மாட்டை வாய்கட்டாதேங்கிற உபாகம வசனத்த எடுத்து வச்சு, சுவிசேஷம் சொல்றவனுக்கு சுவிசேஷத்தாலயே பிழைப்பு, இது கர்த்தர் போட்ட கட்டளைன்னு அடிச்சு சொல்லிட்டு, அப்புறமாத்தான் நான் இந்த உரிமைய எடுத்துக்கலங்கிறாரு. உரிமை அவரோடது, அத விட்டதும் அவரே, சபை போயி நீங்க விட்டுடுங்கன்னு கேக்க முடியாதுல்ல? அதோட கொரிந்துல அவருக்கு குறைச்சல் வந்தப்ப மக்கெதோனியாவுல இருந்து வந்த சகோதரர்தான் குடுத்தாங்க, 2 கொரிந்தியர் 11ல இருக்கு. அவரு தெசலோனிக்கேயில இருந்தப்பவே பிலிப்பி சபை ஆள் விட்டு உதவி அனுப்பியிருக்கு.

கேள்வி: பிரதர், விசுவாசத்துல செய்றதுதானே ஊழியம்? சம்பளம்னா கூலியாள் ஆயிடாதா?

சிஸ்டர், "வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரனாயிருக்கிறான்"னு சொன்னது இயேசுவே, லூக்கா 10:7. ஊழியக்காரரு விசுவாசமா இருக்கட்டும், அத சாக்கா வச்சு நாம கைய மூடிக்கக்கூடாது. நெகேமியா 13 பாருங்க, ஜனங்க பங்கு குடுக்காததால லேவியரு, அதாவது ஆலயத்துல ஊழியம் செஞ்சவங்க, அந்த வேலைய விட்டுட்டு அவங்கவங்க வயலுக்கு ஓடிட்டாங்க. நெகேமியா அவங்கள திட்டல, தலைவருங்களத்தான் கூப்பிட்டு ஆலயம் ஏன் கைவிடப்பட்டுச்சுன்னு கேட்டாரு.

கேள்வி: ஐயா, எங்களது சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). சம்பளம் டயோசிஸ் (திருமண்டலம்) குடுக்குதே, நாங்க எதுக்கு சபைக்கு சங்க காணிக்கை கட்டணும்?

அந்த பணமே உங்கள மாதிரி சேகரங்கள்ல (ஒரு ஐயருக்கு கீழ உள்ள சபைங்க) இருந்து போறதுதாங்க. மிஷனெரி காலத்துலயே சிஎம்எஸ்ங்கிற இங்கிலாந்து மிஷனெரி சங்கத்தோட செயலாளரா இருந்த ஹென்றி வென், உள்ளூர் சபை தன் ஊழியர தானே தாங்கணும்னு சொல்லிட்டாரு. 1903ல திருநெல்வேலியில அசரியா மாதிரி ஆளுங்க இந்திய மிஷனெரி சங்கம் ஆரம்பிச்சு, நம்ம ஜனங்க காணிக்கையிலயே தெலுங்கு நாட்டுல இருக்கிற தோர்ணக்கல்லுக்கு ஆள் அனுப்பினாங்க. உலை வைக்கிறப்ப ஒரு பிடி அரிசிய தனியா எடுத்து வச்ச அம்மாமாரு இருந்த ஊருங்க இது.

எனக்கு ரொம்ப மனசு வலிக்கிறது உபதேசியார் விஷயத்துலதான். விடியக்காலம் மணி அடிக்கிறது, ஓய்வுநாள் பள்ளி, சாவு வீட்டுல ராத்திரி முழுக்க ஜெபம், ஆஸ்பத்திரிக்கு கூட போறது எல்லாம் அவருதான். ஒரு மாசக் கடைசியில கணக்கு கேக்க ஒரு உபதேசியார் வீட்டுக்கு நான் போனா மேசையில மளிகைக் கடை கடன் நோட்டுதான் இருந்துச்சு, பால், அரிசின்னு பக்கம் பக்கமா. அந்த ஞாயித்துக்கிழமைதான் கமிட்டியில புது சவுண்ட் சிஸ்டத்துக்கு கையெழுத்து போட்டிருந்தோம்.

கேள்வி: காணிக்கையில சொகுசு கார் வாங்குறவங்களுக்கும் குடுக்கணுமா?

வேண்டாம். பண ஆசை இல்லாதவனா இருக்கணும்னுதான் 1 தீமோத்தேயு 3 சொல்லுது. கணக்கு கேளுங்க, காட்டலன்னா குடுக்காதீங்க. பவுலே தர்மப் பணத்த தனியா கொண்டு போகாம சபைங்க தெரிஞ்செடுத்த ஆள கூட வச்சுக்கிட்டாரு.

கேள்வி: அண்ணே, எங்க சபையில இருபது குடும்பம்தான், எல்லாம் கூலி வேலை. எப்படி முடியும்?

முடிஞ்சத நிரந்தரமா ஒரு தொகைன்னு பேசி எழுதி வைங்க, மாசம் பொறந்ததும் அவரு கேக்காமலே கைக்கு போயிடணும். வாடகை, பிள்ளைங்க பீஸ், ஆஸ்பத்திரி செலவு இதையும் சேத்து பேசுங்க. அறுப்பின் பண்டிகை ஏலத்துல வர்றதுல ஒரு பங்க அவரு வைத்தியத்துக்குன்னு ஒதுக்கலாம். அப்படியும் பத்தலன்னா அவரு பகல்ல வேற வேலை பாக்கட்டும், ஆனா அப்ப வாரநாள் கூட்டத்த குறைச்சுக்கணும், வீடு சந்திக்கிற வேலைய நீங்க ஆளுக்கு ஒரு தெருவா பிரிச்சுக்கணும்.